மார்பின் முதல் இருமல் மருந்து வரை: அபினி வகை மருந்துகள் கள்ளச் சந்தைக்குச் செல்வதைச் சட்டம் எவ்வாறு தடுக்கிறது?

புதுதில்லி: கோடீன் கலந்த இருமல் மருந்து, மருத்துவரின் சீட்டின் பேரில் மருந்துக் கடையில் விற்கப்படுவது. அதே மருந்தில் பன்னிரண்டு புட்டிகள், உரிய ஆவணம் ஏதுமின்றி ஒருவரது பையில் பிடிபட்டால், குறைந்தது 10 ஆண்டுகள் சிறைத் தண்டனைக்குரிய குற்றச்சாட்டை அவர் எதிர்கொள்ள நேரிடலாம். ஜாமீன் கிடைப்பதும் அரிது. இரண்டு இடங்களிலும் புட்டிக்குள் இருக்கும் திரவம் ஒன்றுதான். அது எந்த வழியாக வந்தது, யாருடைய பதிவேட்டில் எழுதப்பட்டது என்பதை வைத்தே சட்டம் ஒன்றை மருந்தாகவும் மற்றொன்றைக் கடத்தல் பொருளாகவும் காண்கிறது.

ஆலையில் இருந்து நோயாளியின் கைக்குச் செல்ல வேண்டிய மருந்து, இடையில் எங்கோ வழிமாறிக் கள்ளச் சந்தைக்குப் போவதை மடைமாற்றம் எனலாம். வாய்க்கால் நீர் வேறொருவர் வயலுக்குத் திருப்பிவிடப்படுவது போன்றதே இதுவும். நீர் குறைந்ததைக் கடைமடை விவசாயிதான் முதலில் உணர்கிறார். மடையைத் திறந்தவர் யார் என்பது தெரிவதில்லை. மருந்துகளின் விஷயத்திலும் அந்தக் கடைமடையில் இருப்பவர்கள் பெரும்பாலும் புற்றுநோயாளிகள்.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் (எய்ம்ஸ்) தேசிய போதை சிகிச்சை மையம் நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவுகள் 2019-ஆம் ஆண்டு வெளியாகின. 10 முதல் 75 வயது வரையிலானோரில் 2.1 விழுக்காட்டினர், அதாவது சுமார் 2.26 கோடி பேர், ஏதேனும் ஒரு வகையில் அபினி சார்ந்த பொருட்களைப் பயன்படுத்துவதாக அதில் கூறப்பட்டது. ஹெராயின் பயன்படுத்துவோர் 1.14 விழுக்காடு, மருந்துக் கடைகளில் விற்கப்படும் அபினி வகை மருந்துகளைப் பயன்படுத்துவோர் 0.96 விழுக்காடு, அபினியைப் பயன்படுத்துவோர் 0.52 விழுக்காடு. ஆலையில் தயாராகி, அட்டையில் அடைக்கப்பட்டு வரும் மருந்து, வயலில் விளையும் அபினியை விடக் கூடுதலான மக்களைச் சென்றடைந்திருக்கிறது என்பதே இதன் பொருள்.

இரு சட்டங்கள், இரு பார்வைகள்

இந்த மருந்துகளின் மீது இரண்டு சட்டங்கள் ஒரே நேரத்தில் செயல்படுகின்றன. முதலாவது, மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், 1940. உரிமம் பெற்றவர் மருந்தை விற்கலாம், ஆனால் இன்னின்ன நிபந்தனைகளுக்கு உட்பட்டு என்பது அதன் அணுகுமுறை. இரண்டாவது, போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985. என்.டி.பி.எஸ். சட்டம் என்று செய்திகளில் குறிப்பிடப்படுவது இதுவே. இதன் 8-ஆவது பிரிவு தயாரிப்பு, இருப்பு, விற்பனை, கொள்முதல், போக்குவரத்து, பயன்பாடு என அனைத்தையும் முதலில் தடை செய்கிறது. பிறகு, மருத்துவ அல்லது அறிவியல் நோக்கத்துக்காக, சட்டமும் விதிகளும் கூறும் முறையில் நடந்தால் மட்டும் விலக்கு அளிக்கிறது.

முதல் சட்டத்தில் விற்பனை விதி, கட்டுப்பாடு நிபந்தனை. இரண்டாவது சட்டத்தில் தடை விதி, மருத்துவம் விலக்கு. இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அல்ல. ஒரு மருந்து முதல் சட்டத்தில் மட்டும் இருக்கும்வரை, அதன் கணக்கில் குளறுபடி நேர்ந்தால் பெரும்பாலும் உரிமத்துக்கே ஆபத்து. இரண்டாவது சட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் சுதந்திரத்துக்கே ஆபத்து. மார்பின், கோடீன், டிராமடால், டபெண்டடால் ஆகிய நான்கு மருந்துகளும் இவ்விரு சட்டங்களுக்கு இடையே எங்கெங்கு நிற்கின்றன என்பதைப் பார்த்தாலே, மடைமாற்றம் ஏன் ஒரு மருந்தில் இருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது என்பது விளங்கும்.

மார்பின்: வயலில் தொடங்கும் கண்காணிப்பு

சட்டபூர்வமாக அபினி பயிரிடும் மிகச் சில நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் மட்டும், குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய போதைப்பொருள் பணியகத்தின் உரிமம் பெற்ற விவசாயிகள் கசகசாச் செடியைப் பயிரிடுகின்றனர். விளைந்த அபினியை அரசுக்கே அளிக்க வேண்டும். நீமச், காசிப்பூர் ஆகிய இடங்களில் உள்ள அரசு ஆலைகளில் அதிலிருந்து மார்பின், கோடீன் போன்றவை பிரித்தெடுக்கப்படுகின்றன. எந்த மருந்து நிறுவனத்துக்கு எவ்வளவு மூலப்பொருள் என்பதையும் அரசே ஒதுக்கீடு செய்கிறது. ஆகவே மார்பினின் கணக்கு, மாத்திரையாவதற்கு வெகு முன்பே, வயலின் பரப்பளவில் இருந்து தொடங்கிவிடுகிறது.

இத்தகைய நாட்டில் மார்பின் தட்டுப்பாடு ஏற்பட்டதற்குக் காரணம் விளைச்சல் அன்று. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் இயற்றப்பட்டபோது, பிடிபட்ட அளவு எவ்வளவாக இருந்தாலும் பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் 10 ஆண்டுகள் சிறை என்று வகுத்திருந்தது. அளவுக்கேற்பத் தண்டனை என்ற முறை 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அதுவரை, கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் என்னவாகுமோ என்ற அச்சத்தில் மருந்துக் கடைகள் மார்பினை வாங்கி வைப்பதையே கைவிட்டன. மாநிலங்கள் தத்தமது விதிகளை வகுத்துக்கொண்டன. ஒரு மருத்துவமனை வெளிமாநில ஆலையில் இருந்து மார்பின் பெற இருப்பு, போக்குவரத்து, மாநிலத்துக்குள் கொண்டுவருதல், அங்கிருந்து வெளியே அனுப்புதல் என நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. ஆயத்தீர்வை, சுகாதாரம், மருந்துக் கட்டுப்பாடு எனத் துறைகள் வேறு. உரிமங்களின் காலக்கெடுவும் வேறு வேறு. எல்லாம் ஒரே நாளில் செல்லுபடியாக இருந்தால்தான் மருந்து வந்து சேரும். ஓர் உரிமம் கைக்கு வரும்போது மற்றொன்று காலாவதியாகி இருக்கும்.

விளைவு, நாட்டில் மருத்துவப் பயன்பாட்டுக்கான மார்பின் நுகர்வு 1985-க்கும் 1997-க்கும் இடையில் ஏறத்தாழ 97 விழுக்காடு சரிந்தது. 1997-ல் நாடு முழுவதும் பயன்பட்ட மார்பின் வெறும் 18 கிலோ. இந்தச் சரிவு ஒரு தலைமுறை மருத்துவர்களையே பாதித்தது. மார்பினைக் கையாளாமலேயே படித்து முடித்து, அதைக் கையாளத் தெரியாமலேயே பணியாற்றியவர்கள் அவர்கள். மடைமாற்றத்தைத் தடுக்க எழுதப்பட்ட சட்டம், மடையையே அடைத்துவிட்டது என்றால் மிகையாகாது.

கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கப்பட்ட வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தின் மருத்துவர்கள் இதற்கு எதிராக நீண்ட போராட்டம் நடத்தினர். அவர்களுள் முதன்மையானவரான மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் பின்னர் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா அமைப்பைத் தொடங்கினார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1998-ல் மத்திய அரசு எளிய மாதிரி விதி ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியது. கேரளம் அதை முன்னதாகவே ஏற்றுச் செயல்படுத்தியது. வேறு பல மாநிலங்கள் ஏற்கவில்லை. ஏற்ற சிலவும் நடைமுறைப்படுத்தவில்லை. நோயாளி எந்த மாநிலத்தில் பிறந்தார் என்பதைப் பொறுத்து வலி நிவாரணம் அமைந்தது.

2014-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை மாற்றியது. 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்ற புதிய வகை உருவாக்கப்பட்டு, மார்பின், கோடீன், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறு மருந்துகள் 2015-ல் அதில் அறிவிக்கப்பட்டன. இவற்றுக்கான விதிகளை இனி மத்திய அரசே வகுக்கும். பல உரிமங்களுக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அளிக்கும் ஒரே அங்கீகாரம் போதும். அதைப் பெறும் மருத்துவமனை 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' எனப்படும்.

இந்தச் சலுகை கட்டுப்பாடின்றி வரவில்லை. வலி நிவாரணம் மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சையிலோ, போதை அடிமைகளுக்கான மாற்று மருந்துச் சிகிச்சையிலோ பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது அங்கு பணியாற்ற வேண்டும். மருந்துக்கு முழுப் பொறுப்பேற்கும் ஒருவர் பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்பட வேண்டும். அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு மருந்து தேவை என்ற மதிப்பீட்டை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். நாள்தோறும் எவ்வளவு வந்தது, யாருக்கு எவ்வளவு சென்றது, மீதம் எவ்வளவு என்பதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆண்டுக் கணக்கைச் சமர்ப்பிக்க வேண்டும். உரிமம் பெற்றவர் கணக்கை முறையாகப் பராமரிக்கத் தவறினால், சட்டத்தின் 26-ஆவது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை அல்லது அபராதம் விதிக்கப்படலாம்.

திருத்தம் வந்தபின்னும் நிலைமை முற்றிலும் சீராகிவிடவில்லை. நோய்த்தணிப்புச் சிகிச்சை குறித்து 2017-ல் லான்செட் இதழின் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, இந்திய நோயாளிகளுக்குத் தேவையான அபினி வகை வலி நிவாரணிகளில் சுமார் 4 விழுக்காடு மட்டுமே கிடைப்பதாகக் கணித்தது. விதி எளிதானாலும் அங்கீகாரம் கோரி விண்ணப்பிக்கும் மருத்துவமனைகள் பல மாநிலங்களில் குறைவு. மொழியும் இதில் ஒரு தடை. சட்டத்தின் 'நார்கோடிக்' என்ற சொல்லைத் தமிழில் 'போதைப்பொருள்' என்றே எழுதுகிறோம். இச்செய்தியிலும் வேறு வழியின்றி அவ்வாறே எழுத நேர்ந்திருக்கிறது. உறவினரின் புற்றுநோய் வலிக்கு மருத்துவர் எழுதித் தந்த மருந்துக்கும், காவல் துறையினர் பறிமுதல் செய்து மேசையில் பரப்பி வைக்கும் பொருளுக்கும் ஒரே பெயர் இருந்தால், குடும்பத்தினர் தயங்குவதில் வியப்பில்லை.

கோடீன்: எதை எடைபோடுவது?

ஆறு அத்தியாவசிய மருந்துகளில் அதிகம் மடைமாறுவது கோடீன். அதற்கென ஒரு தனி விலக்கு இருப்பதே காரணம். சட்டம் நடைமுறைக்கு வந்த 1985 நவம்பரில் வெளியிடப்பட்ட அறிவிக்கை, ஓர் அலகில் 100 மில்லிகிராமுக்கு மிகாமலும், திரவமாக இருப்பின் 2.5 விழுக்காட்டுக்கு மிகாமலும் கோடீன் கலந்து, சிகிச்சைப் பயன்பாட்டில் நிலைபெற்றுள்ள மருந்துகளைப் 'போதை மருந்து' என்ற வரையறைக்கு வெளியே வைத்தது. பொதுவான இருமல் மருந்தில் 5 மில்லிக்கு 10 மில்லிகிராம் கோடீன் இருக்கும், அதாவது 0.2 விழுக்காடு. வரம்பை எட்டுவதற்கு வெகு தொலைவு. எனவே சாதாரண மருந்து மொத்த விற்பனை உரிமம் உள்ள எவரும் அதைப் பெட்டி பெட்டியாக வாங்கி விற்க வழி இருந்தது.

வங்கதேச எல்லை இதனால்தான் இருமல் மருந்துக் கடத்தலுக்குப் பெயர்பெற்றது. வங்கதேசத்தில் 1980-களிலேயே தடை செய்யப்பட்ட பென்சிடில் போன்ற மருந்துகளை மேற்கு வங்கம், திரிபுரா எல்லைகளில் எல்லைப் பாதுகாப்புப் படையினர் இன்றளவும் பறிமுதல் செய்து வருகின்றனர். இமாச்சலப் பிரதேசத்திலோ உத்தராகண்டிலோ உள்ள ஆலையில் முறைப்படி தயாராகி, வரி செலுத்தப்பட்டு, ரசீதுடன் புறப்பட்ட புட்டிகள்தான் கடைசியில் எல்லை வேலியைத் தாண்டுகின்றன.

பிடிபட்ட புட்டிகளை எவ்வாறு எடைபோடுவது என்ற கேள்வி நீதிமன்றங்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. கோடீனுக்குச் 'சிறிய அளவு' 10 கிராம்; 'வணிக அளவு' 1 கிலோ. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை சிறை. வணிக அளவைத் தாண்டினால் 10 முதல் 20 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டுக்கும் இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டுகள் வரை சிறை. வணிக அளவு என்றால் 37-ஆவது பிரிவும் சேர்ந்துகொள்ளும்: குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்லர் என்று நம்பப் போதிய காரணம் இருப்பதாகவும், ஜாமீனில் வந்தால் மீண்டும் குற்றம் புரியமாட்டார் எனவும் நீதிமன்றம் மனநிறைவு அடைந்தால்தான் ஜாமீன்.

100 மில்லி புட்டி ஒன்றில் இருக்கும் தூய கோடீன் 200 மில்லிகிராம். தூய கோடீனை மட்டும் கணக்கிட்டால் 1 கிலோவை எட்ட 5,000 புட்டிகள் வேண்டும். புட்டிக்குள் இருக்கும் சர்க்கரைப் பாகையும் சேர்த்து எடைபோட்டால் பத்துப் புட்டிகளிலேயே 1 கிலோ தாண்டிவிடும். 2008-ல் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு, தூய போதைப்பொருளின் எடையே கணக்கு என்றது. 2009-ல் மத்திய அரசு, முழுக் கலவையின் எடையே கணக்கு என அறிவிக்கை வெளியிட்டது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2008 தீர்ப்பை நிராகரித்து, கலவையின் மொத்த எடையையே கணக்கிட வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. கடத்தல்காரர்கள் போதைப்பொருளைத் தனியாக அன்றிக் கலவையாகவே விற்கின்றனர் என்பது அதன் அடிப்படை. தெருவில் விற்கப்படும் ஹெராயின் பொட்டலத்துக்கு இந்த வாதம் நன்றாகப் பொருந்துகிறது. மருந்து நிறுவனமே நிர்ணயித்த விகிதத்தில் கலந்து அடைத்த புட்டிக்கு அது அதே அளவுக்குப் பொருந்துகிறதா என்பது ஐயத்துக்கு இடமளிப்பது. எனினும் இப்போதைய சட்ட நிலை அதுவே.

1985 அறிவிக்கையின் விலக்கு என்னவாயிற்று? அசாமில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் அளித்தது. ஏராளமான புட்டிகளை உரிய ஆவணம் ஏதுமின்றிக் கொண்டுசென்றவர்கள், அவை சிகிச்சைப் பயன்பாட்டுக்கானவை என்று காட்ட முடியாததால், விலக்கின் பலனைக் கோர இயலாது எனக் கூறி ஜாமீன் மறுத்தது. ஆவணம் இருந்தால் விலக்கு, இல்லாவிட்டால் குற்றம் என்ற நிலை இதிலிருந்து உருவானதே. ஆனால் ஆவணம் போலியா, உண்மையா, பாதி உண்மையா என்பன போன்ற கேள்விகளில் உயர் நீதிமன்றங்களின் அணுகுமுறை ஒன்றுபோல் இல்லை.

மத்திய சுகாதார அமைச்சகம் வேறொரு வழியையும் முயன்றது. 2016 மார்ச்சில் தடை செய்யப்பட்ட 344 கூட்டு மருந்துகளில் கோடீன் கலந்த இருமல் மருந்துகளும் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் சென்று, நிபுணர் குழு ஆய்வுக்குப் பின், 2023 ஜூனில் 14 கூட்டு மருந்துகள் மீண்டும் தடை செய்யப்பட்டன. குளோர்பெனிரமைனும் கோடீனும் கலந்த மருந்தும் அவற்றுள் ஒன்று. அதை எதிர்த்தும் நிறுவனங்கள் நீதிமன்றத்தை அணுகின.

டிராமடால் முதல் டபெண்டடால் வரை

டிராமடால் கசகசாச் செடியில் இருந்து வருவதன்று. வேதி ஆலையில் தயாராவது. அதற்கு வயலும் இல்லை, அரசு ஒதுக்கீடும் இல்லை. 2018 வரை அது என்.டி.பி.எஸ். சட்டத்திலும் இல்லை. அதற்கிடையே இந்திய டிராமடால் உலகச் சந்தையில் பெருகியது. 2017 மே மாதம் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில், இந்தியாவில் இருந்து லிபியாவுக்குச் செல்லவிருந்த சுமார் 3.7 கோடி டிராமடால் மாத்திரைகளை அந்நாட்டுக் காவல் துறை பறிமுதல் செய்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் உழைக்கும் இளைஞர்களிடையே இம்மாத்திரை போதைப் பழக்கமாகப் பரவியிருந்தது.

2018 ஏப்ரல் 26-ஆம் தேதி டிராமடால் மனமயக்கப் பொருளாக அறிவிக்கப்பட்டது. சிறிய அளவு 5 கிராம், வணிக அளவு 250 கிராம். இதனால் ஒரே நாளில் மூன்று விஷயங்கள் மாறின. சரக்கை ஓர் ஊரில் இருந்து மற்றோர் ஊருக்கு அனுப்பும்போது 6-ஆம் எண் படிவத்திலான அனுப்புச் சீட்டு உடன் செல்ல வேண்டும். கணக்கில் வராத இருப்பு கடுங்குற்றமாயிற்று. நோயாளியின் கையிருப்புக்கும் உச்சவரம்பு வந்தது: மருத்துவரின் சீட்டு இருந்தால் ஒரு நேரத்தில் 100 அலகுகள் வரை வைத்திருக்கலாம், நீண்ட காலப் பயன்பாட்டுக்கென மருத்துவர் எழுதித் தந்திருந்தால் 300 வரை. மூட்டு வலிக்கு டிராமடால் உட்கொள்ளும் முதியவர் பலருக்கும் இந்த வரம்பு தெரியாது. மகன் ஊருக்கு வரும்போது ஆறு மாதத்துக்கான மாத்திரைகளை மொத்தமாக வாங்கி வைத்துவிட்டுப் போவது வழக்கம் என்றால், அவர்கள் அதை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது.

டிராமடால் வழி அடைபட்டதும், அதற்கு நெருங்கிய மற்றொரு மருந்தான டபெண்டடால் அந்த இடத்தைப் பிடித்தது. 2018 அறிவிக்கையில் டபெண்டடால் சேர்க்கப்படவில்லை. 2025 பிப்ரவரியில் பி.பி.சி. வெளியிட்ட புலனாய்வுச் செய்தி, மும்பையைச் சேர்ந்த ஒரு மருந்து நிறுவனம் டபெண்டடாலையும் தசைத் தளர்வு மருந்தான கேரிசோபுரோடாலையும் கலந்து மாத்திரையாக்கிக் கானா, நைஜீரியா, ஐவரி கோஸ்ட் நாடுகளுக்கு அனுப்பியதை வெளிப்படுத்தியது. இந்தியாவில் இவ்விரண்டுக்கும் தனித்தனியே ஒப்புதல் உண்டு. கலவைக்கு ஒப்புதல் இல்லை. ஏற்றுமதிக்கு மட்டும் எனக் கூறித் தடையின்மைச் சான்று பெற்று அது தயாரிக்கப்பட்டது. செய்தி வெளியான சில நாட்களில், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆலையில் சோதனை நடத்தித் தயாரிப்பை நிறுத்தியது. இக்கலவைக்கான ஏற்றுமதிச் சான்றுகளையும் தயாரிப்பு அனுமதிகளையும் திரும்பப் பெறுமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. ஒரு கலவை நின்றது. தனி டபெண்டடால் அப்போதும் பரிந்துரைச் சீட்டு மருந்து என்ற அளவிலேயே இருந்தது. அதன் மாத்திரைகளைக் கரைத்து ஊசி வழியே உடலில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளது. தமிழ்நாடும் அதற்கு விலக்கல்ல.

போதையில் இருந்து மீட்பதற்கான மருந்தே மடைமாறுவதும் உண்டு. ஹெராயின் அடிமைகளுக்கு மாற்றாக அளிக்கப்படும் பியூப்ரனார்பின் அத்தகையது. பஞ்சாபில் 2017 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசு வெளிநோயாளர் மையங்களில், செவிலியர் முன்னிலையில் அன்றாட அளவை நாவின் அடியில் வைத்துக் கரைத்துக்கொள்ளும் முறை பின்பற்றப்பட்டது. கையில் கொடுத்தனுப்பினால் விற்றுவிடுவார்கள் என்ற கவலை ஒருபுறம். தினக்கூலித் தொழிலாளி நாள்தோறும் வரிசையில் நின்றால் வேலைக்குப் போவது எப்போது என்ற கேள்வி மறுபுறம். இதற்கு நேர்த்தியான விடை எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை.

மருந்துக் கடையின் பதிவேடு

சில்லறை விற்பனையில் முக்கியக் கருவி எச்1 அட்டவணை. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள இந்த அட்டவணையில் டிராமடால், கோடீன், பியூப்ரனார்பின், பென்டசோசின் ஆகியவையும், அல்பிரசோலம், டயசெபம் போன்ற தூக்க, பதற்ற மருந்துகளும் உள்ளன. இவற்றை விற்கும்போது மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மருந்துக் கடைக்காரர் பெயர் கேட்டு எழுதுவதை நோயாளிகள் சிலர் அவமதிப்பாகக் கருதுகின்றனர். அது அவரது சட்டக் கடமை. அட்டையின் இடது மேல் மூலையில் சிவப்பில் 'என்ஆர்எக்ஸ்' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், அம்மருந்து என்.டி.பி.எஸ். சட்டத்துக்கும் உட்பட்டது என்று பொருள்.

இந்தப் பதிவேடு எவ்வளவு பயனுள்ளது என்பது அதை யார் படிக்கிறார் என்பதைப் பொறுத்தது. 2003-ல் அறிக்கை அளித்த மஷேல்கர் குழு, 200 விற்பனை நிலையங்களுக்கும் 50 உற்பத்தி ஆலைகளுக்கும் ஒரு மருந்து ஆய்வாளர் வீதம் தேவை எனப் பரிந்துரைத்தது. அந்த அளவை எட்டாத மாநிலங்கள் பல. மேலும் பதிவேடு கடையில் இருக்கிறது. பெருமளவு மடைமாற்றமோ கடைக்கு முந்தைய படியில், மொத்த விற்பனையில் நிகழ்கிறது. அமெரிக்காவில் இப்பிரச்சினை மருத்துவர்களின் தாராளமான பரிந்துரைச் சீட்டுகளில் தொடங்கியது. இந்தியாவில் சீட்டே இல்லாமல், பெயரளவிலான மொத்த விற்பனை நிறுவனங்களின் ரசீதுகள் வழியே நடக்கிறது. ஆலை ஒரு மாநிலத்தில், மொத்த விற்பனையாளர் வேறொரு மாநிலத்தில், ரசீதில் குறிப்பிட்ட வாங்குபவர் மூன்றாவது மாநிலத்தில். ஒவ்வொருவருக்கும் தனக்கு அடுத்த ஒருவரை மட்டுமே தெரியும். ஒவ்வொரு மாநில அதிகாரிக்கும் தமது எல்லைக்குட்பட்ட ஏடு மட்டுமே தெரியும். 2023 ஆகஸ்ட் முதல் 300 முன்னணி மருந்துப் பெயர்களில் கட்டாயமாக்கப்பட்ட கியூஆர் குறியீடு, மருந்து அசலா என்று கூறுமே தவிர, அது எந்தக் கிடங்கில் காணாமல் போனது என்று கூறாது.

நோயாளியின் குடும்பம் அறிய வேண்டியவை

வாய்வழி மார்பின் எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்களிலோ, அதற்கென உரிமம் பெற்ற கடைகளிலோதான் கிடைக்கும். புற்றுநோய்ச் சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையில் 'நோய்த்தணிப்புப் பிரிவு' உள்ளதா, அது அங்கீகாரம் பெற்றதா என்று நேரடியாகக் கேட்கலாம். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள், என்.டி.பி.எஸ். சட்டத்துக்கு உட்பட்ட மருந்துகளைத் தொலைபேசி அல்லது காணொலி ஆலோசனை வழியாகப் பரிந்துரைப்பதைத் தடை செய்கின்றன. எனவே நோயாளி படுத்த படுக்கையாக இருந்தாலும் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். வீடு தேடி வரும் நோய்த்தணிப்புக் குழுக்கள் இயங்கும் மாவட்டங்களில் இது எளிது, மற்ற இடங்களில் கடினம். பயணத்தின்போது பரிந்துரைச் சீட்டையும் ரசீதையும் மருந்துடன் வைத்திருப்பது அவசியம்.

நோயாளி இறந்தபின் வீட்டில் எஞ்சும் மாத்திரைகளும் மடைமாற்றத்துக்கு ஒரு வாய்ப்பே. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஃபென்டனில், டிராமடால், டபெண்டடால், ஆக்சிகோடோன் உள்ளிட்ட 17 மருந்துகளைக் குப்பைத் தொட்டியில் போடாமல் கழிவறையில் கொட்டி நீரூற்றி அப்புறப்படுத்துமாறு கூறியுள்ளது. மற்ற மருந்துகளுக்கு இம்முறை பரிந்துரைக்கப்படவில்லை. ஃபென்டனில் பட்டையைத் தோலில் இருந்து எடுத்த பிறகும் அதில் மருந்து மிஞ்சியிருக்கும் என்பதால், குழந்தைகள் உள்ள வீட்டில் அதை உட்புறமாக மடித்து ஒட்டி, உடனே அப்புறப்படுத்த வேண்டும்.